கர்ப்பிணிகளுக்கு யோகம் கற்பிக்கப் போனேன்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகம் இங்கே அமைந்திருப்பதால் வெளியூராரும் இப்பெயரை அறிவர். ஆயினும் பல்கலைக்கழக மதிலைக் கடந்து உள்ளே சென்றால் இது இன்றும் வேளாண்மைக்காரரின் ஊரேயாகும். வேளாண்மை என்றால் எங்கள் பேச்சில் நெற்செய்கை. போடியார்மாரின் காணியில் களை பிடுங்கியும், அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் பொறுக்கியும், அரிசி ஆலை முற்றங்களில் நெல் காயவைத்தும் சீவிக்கும் பெண்கள் இங்கே பலர்.

இவ்வூரிலுள்ள ஒரு முன்பள்ளியில் நான் ஆசிரியை. அதே கட்டடத்தில், சனிக்கிழமை பிற்பகல்களில், கர்ப்பிணிப் பெண்களுக்கு யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் கற்பித்து வருகிறேன். இதற்கெனப் பணம் கட்டிப் பயிற்சி பெற்றவள் நான். அப்பயிற்சி எனக்குத் தந்தது என்ன, தராமல் விட்டது என்ன என்பதைத் தோழர்கள் முன் வைப்பது பயனுள்ளதாகும் என்று கருதுகிறேன். இதில் என் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதனை மறைத்து எழுதினால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

இரண்டாவது பிரசவத்தின் பின் தீராத இடுப்பு வலியால் நான் நெடுநாள் துன்புற்றேன். அயலூரிலிருந்த ஓர் அம்மையாரிடம் ஆசனங்களைக் கற்று, பொறுமையாகச் செய்து, அவ்வலியினின்றும் மீண்டேன். அன்று தொட்டு இக்கலையில் எனக்குப் பற்று உண்டாயிற்று. சுவிற்சர்லாந்தில் வாழும் என் தமக்கை இதை அறிந்து ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்: "தங்கச்சி, இஞ்ச பிள்ளத்தாச்சிகளுக்கு யோகா படிப்பிக்கிறவங்களுக்கு நல்ல மதிப்பு. நீயும் படி. காசை நான் கட்டுறன்."

அவள் கட்டிய காசு என் ஓராண்டு வேதனத்திலும் அதிகம். அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு தோன்றிய 'யோகா அலயன்ஸ்' என்னும் சங்கம் வகுத்த ஒழுங்கையே இன்று உலகெங்கும் பல பயிற்சிப் பள்ளிகள் பின்பற்றுகின்றன. முதலில் 200 மணிநேரப் பொதுப் பயிற்சி. அதற்கு மேல் கர்ப்பகால யோகத்துக்கென்று 85 மணிநேரம். பிள்ளைகள் உறங்கிய பின், கைத்தொலைபேசியின் சிறிய திரையில், முன்பின் கண்டிராத நாட்டுப் பெண்களோடு சேர்ந்து நானும் இரவு இரவாகப் படித்தேன்.

படித்தவற்றுள் நல்லவை பல. கருவுற்ற பெண்ணின் உடலில் ஓடும் குருதி முன்னிருந்ததைவிட நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை பெருகுகிறது. வளரும் கருப்பை, நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையிலுள்ள பிரிமென்றகட்டை ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் மேலே தள்ளுகிறது. ஆதலால்தான் மாடிப்படி ஏறாமலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. மூட்டுக்களைப் பிணைக்கும் நாண்கள் நெகிழ்வதால், முன்னர் எளிதாகச் செய்த வளைவு இப்போது காயத்தில் முடியலாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் மல்லாந்து நெடுநேரம் கிடந்தால், கருப்பையின் பாரம் இதயத்திற்குத் திரும்பும் பெருநாளத்தை அழுத்தும், மயக்கம் வரும், குழந்தைக்குச் செல்லும் குருதியும் குறையும். ஆகவே பக்கவாட்டில் கிடத்த வேண்டும். மூச்சை உள்ளே அடக்கும் கும்பகமும், வயிற்றை உலுக்கும் கபாலபாதியும், தலைகீழ் நிலைகளும் ஆகா. நீண்டு வெளியேறும் மூச்சும், இடுப்புத் தளத் தசைகளை இறுக்கவும் தளர்த்தவும் பழகுவதுமே பயிற்சியின் உயிர். இவை மறுக்க முடியாத உண்மைகள். ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டியவையும் கூட.

ஆனால் பாடத்தோடு ஒரு புனைவும் சேர்ந்து வந்தது. இவையெல்லாம் ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடைய இரகசிய ஞானம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. நான் தேடிப் பார்த்தேன். பதினைந்தாம் நூற்றாண்டளவில் எழுந்த ஹடயோகப் பிரதீபிகை பெரும்பாலும் ஆண் துறவியரை நோக்கிப் பேசும் நூல். பேறுகாலப் பெண் அதன் மாணவியல்லள். இன்று உலகம் பயிலும் ஆசன முறைகளுட் பெரும்பகுதி, 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரிடமும் (1888-1989) அவர் மாணவர்களிடமும் உருப்பெற்றது. பெண்ணின் மாதவிலக்கையும் கர்ப்பத்தையும் கருத்திற் கொண்டு ஆசனங்களை விரிவாக ஒழுங்குபடுத்தி எழுதியவர்களுள் முதன்மையானவர் கீதா ஐயங்கார். அவருடைய நூல் ஆங்கிலத்தில் 1983இல் வெளிவந்தது. பழமை இல்லாததால் இக்கலைக்கு இழுக்கில்லை. ஆனால் பழமை என்ற பெயரால் எதையும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக ஆக்கிவிடலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

சான்றிதழ் பெறுவதற்கு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். ஆறு பெண்கள் வந்தனர். அரிசி ஆலையில் வேலை செய்பவர் ஒருவர். வயற்கூலிக்குப் போகும் இருவர். அலுவலக எழுதுநர் ஒருவர். கணவன் கட்டாரில் உழைக்க, தாயோடு வாழ்பவர் ஒருவர். போடியார் வீட்டு மகள் ஒருவர். பிள்ளைகளின் குறுநாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பன்பாய் விரித்தோம். முழங்காலை அகற்றிக் குந்தும் நிலையைக் காட்டியபோது எனக்கு முதற் பாடம் கிடைத்தது. வயலிலும் அடுப்படியிலும் நாள்தோறும் குந்தியே வேலை செய்யும் அப்பெண்கள் குதிகாலைத் தரையில் ஊன்றி, யாதொரு சிரமமுமின்றிக் குந்தினர். எழுதுநரும் போடியார் மகளுமே தடுமாறினர். பாடத்தில் இதைப் பழக ஆறு வாரம் என்று எழுதியிருந்தது!

இரண்டாம் பாடம் கடுமையானது. வகுப்பின் முடிவில், பாடத்தில் கண்டபடியே, "கண்களை மூடிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பாதுகாப்பான ஓர் இடத்தை மனத்திற் கொண்டு வாருங்கள்" என்றேன். மகளுக்குத் துணையாக வந்து சுவரோரம் அமர்ந்திருந்த தாய் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னர் நான் அருகிற் சென்றபோது மெல்லச் சொன்னார்: "கண்ண மூடச் சொல்லாத மகள். காட்டுக்குள்ள மூச்ச அடக்கிக்கொண்டு கிடந்த நாளெல்லாம் வருகுது."

1990ஆம் ஆண்டில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி படையினர் அங்கிருந்து 158 பேரைக் கொண்டு சென்றனர். அவர்கள் திரும்பி வரவில்லை. இவ்வூரில் அந்த நாளின் நிழல் விழாத வளவுகள் குறைவு. இப்படிப்பட்ட மண்ணில், பாதுகாப்பான ஓர் இடத்தை நினை என்று ஒரு பெண்ணுக்குக் கட்டளையிடுவதன் பொருள் என்ன என்பதை என் 85 மணிநேரம் எனக்குக் கற்பிக்கவில்லை. அன்று முதல், கண்களைத் திறந்தே வைத்திருக்கலாம், கதவும் திறந்திருக்கும் என்று சொல்லியே வகுப்பைத் தொடங்குகிறேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

மூன்றாம் வாரம், ஆலையில் வேலை செய்யும் பெண் முகம் அதைத்து வந்தார். அவருக்கு 34ஆம் வாரம். காலும் கையும் வீங்கியிருந்தன. தலையிடிக்கிறது, கண் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்றார். நாள் முழுதும் வெயிலில் நின்று நெல் கிளறிய களைப்பு என்று நான் எண்ணிக்கொண்டேன். இடப்பக்கமாகப் படுக்கவைத்து, காலுக்குத் தலையணை கொடுத்து, நீளமாக மூச்சு விடச் செய்தேன். அரை மணிநேரத்தில் தலையிடி குறைந்ததென்று அவர் சிரித்தார். வீட்டிலும் இதைச் செய்யுங்கள் என்று கூறி அனுப்பினேன். அன்றிரவு என் பயிற்சிக் குறிப்பேட்டில், 'தலைவலிக்கு நல்ல பலன் கிட்டியது' என்று பெருமையோடு எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துக் கிளினிக்கில் மருத்துவமாது அவருடைய குருதி அமுக்கத்தை அளந்தபோது அது 160க்கு 110 ஆக இருந்தது. சிறுநீரில் புரதமும் காணப்பட்டது. கர்ப்பத்தின் பிற்பாதியில் எழும் இந்நோய் தாயை வலிப்பில் வீழ்த்தக் கூடியது. தாயையும் பிள்ளையையும் ஒருங்கே கொல்லக் கூடியது. தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே நோவு, முகவீக்கம் ஆகியவையே அதன் எச்சரிக்கைகள். இவற்றுள் மூன்றை அப்பெண் தன் வாயாலும் உடலாலும் எனக்குச் சொல்லியிருந்தார். உடல் சொல்வதைக் கேளுங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஓதிய நான் அதைக் கேட்கவில்லை. பாடப்புத்தகத்தில் அந்நோயின் பெயர், செய்யத் தகாதவற்றின் பட்டியலில், ஒரு வரியில் இருந்தது. அதை நான் பரீட்சைக்கு மனனம் செய்து, முழுப் புள்ளியும் பெற்றிருந்தேன்.

அம்புலன்சை அழைத்து அவரை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினர். இந்நாட்டின் இலவச அம்புலன்ஸ் சேவைக்குரிய தொலைபேசி இலக்கம் 1990. எங்கள் ஊரில் அவ்வெண்ணைச் சொல்லும்போது முதியவர்கள் வேறொன்றை நினைப்பார்கள். அன்று அதே எண் ஓர் உயிரைக் காக்க உதவியது. சத்திரசிகிச்சையால் பிள்ளை பிறந்தது. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. தாயும் பிள்ளையும் பிழைத்தனர்.

மறுநாள் மாலை மருத்துவமாது முன்பள்ளிக்கு வந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். எங்கள் பகுதியில் இரு தலைமுறைப் பிள்ளைகளின் எடையைப் பதிந்தவர். அவர் கோபிக்கவில்லை.

"நீ மூச்சு விடச் சொல்லிக் குடுத்தது பிழையில்ல புள்ள. தலையிடிக்குது எண்டு சொன்னவள வீட்ட அனுப்பினாய் பாரு, அதுதான் பிழை."

"மிஸ், அவக்கு முதல் கிளினிக் ஏன் தவறினது?"

"ஆலையில ஒரு நாள் நிண்டா ஒரு நாள் கூலி போகும். அதுவும் உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் கேட்டதில்லை. அவருடைய இடுப்பு எவ்வளவு வளைகிறது என்று பார்த்தேனேயன்றி, அவர் எத்தனை மணிநேரம் நிற்கிறார், மதியம் எதை உண்கிறார், கிளினிக் நாளன்று கூலி யார் தருவார் என்று கேட்கவில்லை. ஓய்வெடுங்கள் என்பது எத்துணை எளிய அறிவுரை! அரசாங்க ஊழியருக்கும் கடை, காரியாலய ஊழியருக்கும் 84 வேலை நாட்கள் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை சட்டத்தில் உண்டு. நாட்கூலிப் பெண்ணின் கைக்கு அது எட்டுவதில்லை. போடியார் வீட்டு மகளும் ஆலைத் தொழிலாளியும் என் வகுப்பில் அடுத்தடுத்த பாய்களிற் கிடந்து ஒரே சீராக மூச்சு விட்டனர். வகுப்பு முடிந்ததும் ஒருவர் எண்ணெய்க் குளிப்புக்குச் சென்றார். மற்றவர் மறுநாட் காலை நெல் முற்றத்துக்குச் சென்றார். அப்பாய்களைப் பார்த்து நான் சமத்துவம் என்று மயங்கியிருந்தேன்.

அதன்பின், மருத்துவமாதுவின் அனுமதியோடு, சில மாதங்கள் கிளினிக் நாட்களில் அங்கே சென்று அமர்ந்தேன். எடை பார்க்கும் வரிசையை ஒழுங்குசெய்தும், திரிபோசாப் பைகளை எடுத்துக் கொடுத்தும் உதவினேன். என் உண்மையான பயிற்சி அங்கேதான் நடந்தது. மருத்துவமாதுவாவதற்கு இந்நாட்டில் ஒன்றரை ஆண்டு பயில வேண்டும். அதன்பின் 3,000 முதல் 5,000 வரையான மக்களைக் கொண்ட பகுதி ஒன்று அவர் பொறுப்பாகிறது. மணமான பெண்ணைத் தேடி வீட்டுக்குச் செல்கிறார். கருவுற்றவளைப் பதிந்து அட்டை கொடுக்கிறார். பிரசவத்தின் பின்னும் படலையைத் திறந்து வருகிறார். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. 1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அத்தொகை 30ஐ ஒட்டி நிற்கிறது. இலவச வைத்தியமும், இலவசக் கல்வியால் எழுத்தறிந்த பெண்களும், மலேரியா ஒழிப்பும், சைக்கிளிலும் கால்நடையாகவும் வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதரும் சேர்ந்தல்லவா இதைச் சாதித்தனர்? 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் எரிபொருளும் தட்டுப்பட்ட வேளையில் இந்த அமைப்பு எவ்வளவு நொய்ந்தது என்பதையும் நாம் கண்டோம். அதைக் காப்பதற்கு எழும் குரல், நலவாழ்வுச் சந்தையின் ஆரவாரத்துள் அமிழ்ந்துவிடுகிறது.

அப்படியானால் மூச்சுப் பயிற்சி வசதி படைத்தோரின் பொழுதுபோக்குத்தானா? இக்கேள்வி என்னைத் துளைத்தது. விடை தேடிப் படித்தபோது, இதே பயிற்சி ஒரு காலத்தில் தொழிலாளரின் கையில் இருந்ததை அறிந்து வியந்தேன். பிரசவ வேதனையை அச்சம் பெருக்குகிறது, அறிவும் பயிற்சியும் அதனைக் குறைக்கும் என்னும் கொள்கையை, பவ்லோவின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு, கார்க்கிவ் நகரத்து வைத்தியர் வெல்வோவ்ஸ்கியும் அவர் தோழரும் 1940களின் இறுதியில் உருவாக்கினர். 1951இல் சோவியத் நாட்டுக்குச் சென்ற பிரெஞ்சு வைத்தியர் பெர்னான் லமாஸ் இம்முறையைக் கண்டு, மூச்சுப் பயிற்சியை மேலும் வளர்த்து, பாரிஸ் நகரில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் பிரசவ வைத்தியசாலையில் அடுத்த ஆண்டே நடைமுறைப்படுத்தினார். தொழிலாளக் குடும்பத்துப் பெண்கள் அங்கே தம் உடலின் அமைப்பைக் கற்றனர், மூச்சைப் பழகினர். 1960இல் அமெரிக்காவில் இதற்கெனச் சங்கம் அமைந்த பின், லமாஸின் பெயர் நடுத்தர வர்க்கத் தம்பதியர் கட்டணம் செலுத்திச் செல்லும் வகுப்பின் பெயராயிற்று. தொழிற்சங்கத்தின் தொடர்பை நினைப்பவர் அரிதாயினர்.

இவ்வரலாற்றைக் கண்மூடிப் போற்றவும் நான் ஒருப்படேன். மயக்க மருந்து அரிதாயிருந்த சோவியத் வைத்தியசாலைகளில் மூச்சுப் பயிற்சி அக்குறையை மூடும் போர்வையாகவும் பயன்பட்டது. லமாஸோ, வேதனையைத் தாங்கிய பெண்களின் நடத்தைக்குத் தரம் வகுத்தார். கதறிய பெண் தோற்றவளாக எண்ணப்பட்டாள். வலி உன் மனத்திற்றான் உள்ளது என்று பெண்ணிடம் சொல்வது எந்தக் கொடியின் கீழ் நின்று சொன்னாலும் அநீதியே. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டல், விரும்பும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் அளிக்கலாம் என்கிறது. கேட்கும் பெண்ணுக்கு வலி நீக்கும் மருந்தையும் அதே வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. பிரசவத்தின்போது அவள் விரும்பும் துணை அருகிருக்க வேண்டும் என்றும் அது வற்புறுத்துகிறது. யோகத்தால் வலி குறைவதற்கான ஆராய்ச்சிச் சான்றுகள் நம்பிக்கையூட்டுவன. ஆயினும் அவை சிறிய ஆய்வுகள், வலுக் குறைந்தவை. இவ்வளவே உண்மை. இதற்கு மேற் சொல்பவர் எதையோ விற்கிறார் என்று கொள்ளலாம்.

சான்றிதழுக்கான அறிக்கையில் நான் அந்த மூன்றாம் வாரத்தையும் எழுதினேன். 'தலைவலிக்கு நல்ல பலன் கிட்டியது' என்ற வரியை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தவாறே எழுதினேன். சான்றிதழ் வந்தது. அறிக்கையின் அப்பகுதியைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அது வாசிக்கப்பட்டதா என்பதையும் நான் அறியேன்.

தமக்கை மறுபடியும் பேசினாள். பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் இருக்கின்றனவே, அங்கே வகுப்பெடுத்தால் கட்டிய காசை மீட்கலாம் என்றாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. அது அவள் குளிரில் நின்று உழைத்த காசு. கிழமையில் ஒருநாள் அதையும் செய்யக் கூடும் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வகுப்பை மட்டும் விடமாட்டேன். அதற்குக் கட்டணமும் வாங்கமாட்டேன். கிளினிக்கிலேயே இதற்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். மருத்துவமாதரின் பயிற்சியிலேயே இது சேர வேண்டும். கிளினிக் நாளுக்கு ஆலை முதலாளி கூலி வெட்டாதிருக்க வேண்டும். இவற்றை மருத்துவமாதுவும் நானும் சில தாய்மாரும் மனுவாக எழுதிக் கையொப்பம் சேர்த்து வருகிறோம். இதுவரை வைத்த கையொப்பங்களுள் அந்த ஆலைத் தொழிலாளியினுடையதும் ஒன்று. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே எழுதினார்.

இப்போது என் வகுப்பு ஆசனத்தோடு தொடங்குவதில்லை. பாய் விரிக்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: தலையிடி உண்டா? கண் மங்குகிறதா? வயிற்று நோவோ, இரத்தக் கசிவோ உண்டா? பிள்ளை இன்று அசைந்ததா? கடைசிக் கிளினிக்குக்குப் போனீர்களா, அட்டையில் அமுக்கம் என்ன எழுதியிருக்கிறது? விடைகளை ஒரு கொப்பியில் எழுதுகிறேன். ஐயம் எழுந்தால் அன்று அவருக்கு வகுப்பில்லை. நானே மருத்துவமாதுவை அழைக்கிறேன். இதற்கு இருபது நிமிடம் செல்லும். எஞ்சிய நேரத்திற்றான் மூச்சு.